தொண்ணூறு அடி ஆழத்துப் பல்தகடு

ஜூன் 14

அருங்காட்சியகத்தில் பழைய எலும்புகளைப் பார்த்து இன்னதென்று சொல்லும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஏழாம் வகுப்பில் எங்களை உங்கள் அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். 'உங்களுக்குக் கிடைத்த கல், சிப்பி, எலும்பு எதுவானாலும் எழுதிக் கேளுங்கள், கட்டணம் கிடையாது' என்று வாசலில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகையை நம்பி எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. என் உள்ளங்கையில் பாதி அளவு. கல் போலக் கனக்கிறது. மேல்பக்கம் அவரை விதைகளை நெருக்கி ஒட்டியது போலப் பளபளப்பான புடைப்புகள். நடு வரிசையில் ஏழு, அவை பெரியவை. இரு பக்கமும் சின்னதாக உருண்டையானவை. நடு வரிசையில் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழி, குழியைச் சுற்றி நெளிநெளியான விளிம்பு. அடிப்பக்கத்தில் கரும்பச்சை நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதை நான் கழுவவில்லை. மேலே நோட்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இது என்ன பிராணி என்பதை நீங்கள் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இது பூமிக்குள் எத்தனை அடி ஆழத்தில் கிடைக்கும்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். உறையின்மேல் உங்கள் முத்திரை வேண்டாம். நானே ஒரு வெறும் உறையில் தபால்தலை ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். மன்னிக்கவும்.

பத்தாம் வகுப்பு மாணவி


ஜூன் 23

அன்புள்ள பத்தாம் வகுப்புக்கு,

முதலில் ஒன்று. நீ எழுதிய ஐயா ஒரு பெண். இங்கே எல்லோரும் என்னைப் 'பல் டாக்டர்' என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகச் செத்துப்போன மீன்களின் பற்களைத்தான் பார்க்கிறேன். இதுவரை எந்த நோயாளியும் என்மேல் புகார் கொடுத்ததில்லை.

உன் பென்சில் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இது ஒரு மீனின் கீழ்த்தாடையில் இருந்த பல்தகடு. தட்டு போலத் தட்டையான உடம்பு கொண்ட மீன். சிப்பிகளையும் நண்டுகளையும் வாயில் போட்டு நொறுக்கித் தின்னும். நொறுக்குவதற்காகவே இந்த அவரை விதைப் பற்கள். இந்தக் கூட்டத்தைப் பிக்னோடான்ட் என்பார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சையில் கேட்க மாட்டார்கள். அந்த மீன்கள் பூமியிலிருந்து அழிந்துபோய்ப் பல கோடி வருடம் ஆகிறது.

இதன் உறவுக்கார மீன்களின் தாடைகள் எங்களிடம் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் நடுப் பற்களின் தலையில் குழியும், சுற்றி நெளிவும் உள்ள தாடையை நான் கையில் எடுத்தது மிகக் குறைவு. படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். பொருளை அனுப்பு. பஞ்சில் சுற்றி, உன் ஜியாமெட்ரி பெட்டியில் வைத்து அனுப்பினாலும் போதும். கழுவாதது மிக நல்லது. அந்தச் சேறுதான் பாதிக் கதை சொல்லும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்த இடத்தில் எடுத்தது, யார் எடுத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கடிதத்தில் மட்டும் எழுதினால் கடிதம் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமும் போய்விடும். இடம் தெரியாத புதைபடிவம் எங்களைப் பொறுத்தவரை வெறும் கல். அதனால் சீட்டு கட்டாயம்.

பல் டாக்டர்


ஜூன் 30

பல் டாக்டர் அம்மா அவர்களுக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். நான் கேட்ட ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பொருளை அனுப்புகிறேன். சீட்டும் கட்டியிருக்கிறேன். ஏன் ஆழத்தைக் கேட்கிறேன் என்பதைச் சொன்னால்தான் நீங்கள் சீக்கிரம் சொல்வீர்கள் என்று தோன்றுகிறது. படித்ததும் இந்தக் கடிதத்தைப் பூட்டி வைத்துவிடுங்கள்.

ரயில் பாலத்துக்கு வடக்கே உள்ள சுண்ணாம்புக்கல் குவாரியில் என் அப்பா பாறையில் துளை போடும் வேலை செய்தார். குவாரிக் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி அங்கே சூப்பர்வைசர். பத்து வருடத்துக்கு முன்பு அவரைக் கூட்டிவந்து அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அப்பாதான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அப்பா வீட்டுக்கு வரவில்லை. அன்று இரவு மாமா வந்தார். "மச்சான் இன்னைக்கு வேலைக்கே வரல. பஸ் ஸ்டாண்டுல பார்த்ததா ரெண்டு பேர் சொல்றாங்க. யாரோ பொம்பளை கூட இருந்துச்சாம்" என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு தாள் கொண்டுவந்தார். கணவர் குடும்பத்தை விட்டுத் தானாகப் போய்விட்டார் என்று அதில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆண் துணை இல்லாத வீடு என்று மாமா தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

அப்பாவோடு வேலை செய்யும் ஒருவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாயே மூட மாட்டார். அப்பா போன பிறகு அவர் பேசி நான் கேட்கவில்லை. மே மாதக் கடைசியில் நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது பக்கத்தில் வந்து என் குடத்துக்குப் பின்னால் ஒரு பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அது அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் பை. ஒன்பதாம் தேதி காலை அதில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்ததே நான்தான். பாத்திரம் காலியாக இருந்தது. அப்பா அதைச் சாப்பிட்டிருக்கிறார். பாத்திரத்துக்கு அடியில் துண்டில் சுற்றி இந்தப் பல்தகடு இருந்தது. வேலையில் வித்தியாசமாக ஏதாவது அகப்பட்டால் அப்பா எனக்குக் கொண்டுவருவார். இதுவரை கொண்டுவந்ததெல்லாம் வெள்ளைக் கல்லில் பதிந்த சிப்பிகள். இந்த நிறச் சேற்றை நான் பார்த்ததே இல்லை.

குவாரிக்கு அறுபது அடி வரை தோண்டத்தான் அனுமதி. வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் தகரம் வைத்து அடைத்த ஒரு குழி உண்டு. 'பழைய குழி, தண்ணீர் நிற்கிறது' என்பார்கள். அப்பா கடைசி இரண்டு மாதம் எந்தக் குழியில் வேலை என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

இப்போது சொல்லுங்கள். எத்தனை அடி?

பத்தாம் வகுப்பு மாணவி


ஜூலை 11

அன்புள்ள பெண்ணே,

உன் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

விளையாட்டாகப் பதில் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உன் குவாரி தொடங்குவதற்கு முன்பு, ஐம்பது வருடத்துக்கு முன்னால், அதே இடத்தில் பாறையைச் சோதிக்க ஒரு கிணறு வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் என்ன மண், என்ன பாறை, அதில் என்ன கிடைத்தது என்ற பதிவு எங்களிடம் இருக்கிறது. மேலிருந்து எண்பத்தெட்டு அடி வரை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதற்குக் கீழே ஆறடி கனத்துக்குக் கரும்பச்சைக் களிமண். அதற்கும் கீழே மறுபடி வெள்ளைப் பாறை. இரண்டாவது பாறை முதலாவதைவிட உயர்ந்த ரகம். அதற்கு ஆசைப்பட்டுத்தான் யாராவது அவ்வளவு ஆழம் போவார்கள்.

குழியும் நெளிவும் உள்ள பல்தகடுகள் எங்களிடம் மூன்றே துண்டுகள். மூன்றும் அந்தக் கிணற்றின் கரும்பச்சைக் களிமண்ணில் கிடைத்தவை. உன் தகட்டின் அடியில் ஒட்டியிருந்த சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாகப் பச்சை மணிகள். கடலடியில் மட்டும் உண்டாகிற மணிகள் அவை. பழைய துண்டுகளில் ஒட்டியிருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. சந்தேகத்தோடு இருக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனவே பதில்: எண்பத்தெட்டு அடிக்குக் கீழே. ஏறக்குறைய தொண்ணூறு அடி.

அந்தக் களிமண் நனைந்தால் சோப்புக்கட்டி போல வழுக்கும் என்று கிணறு வெட்டியவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் மரச்சட்டம் கொடுத்துத்தான் இறங்கியிருக்கிறார்கள். இதை உனக்கு எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ கேட்டது ஆழத்தை மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிகிறது.

ஒன்றைப் புரிந்துகொள். கல் ஆழத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. உன் அப்பா அந்தக் களிமண் வரை போயிருக்கிறார் என்று நான் எழுதித் தரலாம். ஒன்பதாம் தேதி போனார், திரும்ப ஏறவில்லை என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். உன் அம்மா சொல்வாரா? இதைப் படித்ததும் கிழித்துவிடு.

பல் டாக்டர்


ஜூலை 22

மேடம்,

நீங்கள்தான் எழுதினீர்களா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கள்.

பதினேழாம் தேதி இரவு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா குவாரி அலுவலகத்துக்கு வந்த ஒரு கடிதத்தோடு வந்தார். உங்கள் முத்திரை போட்ட தாள். தட்டுகளுக்கு நடுவில் விரித்து வைத்துச் சத்தமாகப் படித்தார். 'தங்கள் குவாரியில் துளை போடும் தொழிலாளர் ஒருவர் எடுத்த மீன் பல்தகடு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அது கிடைத்த இடத்தைப் பார்வையிடத் தங்கள் அனுமதியைக் கோருகிறோம்.' நான் சீட்டில் எழுதிய அதே வார்த்தைகள்.

"அக்கா, பாத்தியா? மச்சான் ஓடிப்போயும் மியூசியத்துல பேர் வாங்கிட்டார்" என்று மாமா சிரித்தார். அவர் கத்த மாட்டார். சிரிக்கும்போதுதான் எனக்குப் பயம்.

"யார் அனுப்பினது இது?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கவளம் விழுந்துவிட்டது.

"அந்த மனுஷன் வீட்டுல சேர்த்து வச்ச கல்லையெல்லாம் நான்தான் மூட்டை கட்டிக் குப்பையில போட்டேன்" என்றாள் அம்மா. "எவனாவது பொறுக்கி அனுப்பியிருப்பான். சாப்பாட்டு நேரத்துல அவர் பேச்சு எதுக்கு?"

"குப்பையில போட்டதை, துளை போடுறவர் எடுத்தார்னு எப்படிக்கா எழுதுவான்?"

"எனக்கென்ன தெரியும்? சாப்பிடு."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ நல்லா படிக்கிற பொண்ணாச்சே. உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியாது என்றேன். என் தலையை மெதுவாகத் தடவிவிட்டு எழுந்து போனார். எவ்வளவு நேரம் தடவினார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அன்று இரவிலிருந்து லாரிகள் ஓடுகின்றன. கிழக்குக் குழியின் தகரத்தைப் பிரித்துக் கழிவுக் கல்லைக் கொட்டுகிறார்கள். நாலு இரவு. இருபத்தோராம் தேதி காலையில் பார்த்தபோது குழியே இல்லை. மேலே ரோலர் ஓட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள்.

ரேடியோவுக்கு வலது கை ஒடிந்திருக்கிறது. வீட்டுப் படியில் விழுந்துவிட்டார் என்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் படி கிடையாது.

அப்பா மேல் எத்தனை லாரிக் கல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சன்னலில் நின்று எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

உங்களை நம்பி அந்தச் சீட்டைக் கட்டினேன்.


ஜூலை 29

அன்புள்ள பெண்ணே,

ஆம். அதில் இருப்பது என் கையெழுத்துதான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சமாதானம் சொல்வதாக நினைக்காதே. இங்கே வரும் பொட்டலங்களை முதலில் உள்வரவுப் பிரிவில் பிரிப்பார்கள். சீட்டில் உள்ளதைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இடம் பதிவானால், அந்த நிலம் யாருடையதோ அவருக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் தானாகத் தயாராகும். அச்சடித்த கடிதம், நடுவில் இரண்டு வரி மட்டும் மாறும். பதினெட்டு கடிதங்கள் ஒரு கட்டாக என் மேசைக்கு வந்தன. உன் பல்தகட்டை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே, இடது கையால் கட்டைப் புரட்டிக்கொண்டு, பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதத்தைப் பூட்டி வைத்தேன். சீட்டை மறந்தேன். சீட்டு கட்டாயம் என்று உன்னிடம் சொன்னவளும் நான்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அதனால் கேட்காமல் வேலையைப் பார்த்தேன்.

இருபத்தைந்தாம் தேதி, பல்தகட்டைப் பற்றிய என் அறிக்கையை நானே எடுத்துக்கொண்டு சுரங்க ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். தபாலை இனி நம்பத் தயாராக இல்லை. ஆய்வாளர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். முழுவதையும் இரண்டு முறை படித்தார். "மீன் பல்லை வச்சு ஒரு குவாரியைத் தோண்டச் சொல்றீங்களா?" என்றார். "பல்லை வச்சு இல்ல, பல்லுல ஒட்டியிருக்கிற சேத்தை வச்சு" என்றேன். சிரிப்பாரென்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஆகஸ்ட் பதினான்காம் தேதி நேரில் வருகிறார். பல்தகட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் சொன்னதையும் மறைக்கக் கூடாது. அறுபது அடிக்குக் கீழே தோண்டியதற்கு அவரால் அபராதம் போட முடியும். மூடிய குழியைத் திரும்பத் தோண்ட வைக்க, உள்ளே ஆள் இருக்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டும். வயது வந்தவராக இருக்க வேண்டும். அவரே விட்டுவிட்டுப் போனார் என்று உன் அம்மா கையெழுத்துப் போட்ட தாள் இருக்கும்வரை மற்றவர் சொல்வது நிற்காது. உன் அம்மா சொன்னால் மட்டும்தான் நிற்கும்.

நானும் வரக் கேட்டேன். குவாரிச் சண்டை அருங்காட்சியகத்தின் வேலை இல்லை என்று எங்கள் இயக்குநர் எழுத்தில் கொடுத்துவிட்டார். அன்று நான் அங்கே இருக்க மாட்டேன். உன் அம்மாவிடம் நீதான் பேச வேண்டும். இதை உன் தலையில் வைப்பதற்கு என்னை நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

பல் டாக்டர்


ஆகஸ்ட் 6

மேடம்,

இதுதான் பள்ளியிலிருந்து அனுப்பும் கடைசிக் கடிதம். பதில் எழுத வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து நான் பள்ளிக்குப் போக மாட்டேன். மாமா வந்து தலைமையாசிரியரிடம் பேசிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு துணி ஆலையில் விடுதியோடு வேலை இருக்கிறதாம். பதினைந்தாம் தேதி கூட்டிப் போகிறார்.

அம்மாவிடம் பேசினேன். மாமா குளிக்கப் போயிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரைதான் எனக்கு நேரம். அவசரமாகச் சொன்னேன். பை, பாத்திரம், தொண்ணூறு அடி, லாரி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"அம்மா, பதினாலாம் தேதி ஆபீசர் வருவார். அப்பா வேலைக்குத்தான் போனார்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"காலையில அவர் கிளம்பினதை நீயும்தானே பார்த்தே?"

"ஆறு வயசுல தாயில்லாம என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னவன் அவன். இடுப்புல தூக்கி வளர்த்திருக்கேன். உனக்கு ஒண்ணும் புரியாது. போய்ப் படி."

"எங்க போய்ப் படிக்கிறது? ஆலையிலயா?"

அப்போது தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

மேடம், எனக்கு இப்போது மாமாவைவிட அம்மாவிடம்தான் பயமாக இருக்கிறது. நான் சொன்னதில் ஒன்றைக் கேட்டும் அவள் ஆச்சரியப்படவில்லை.


ஆகஸ்ட் 29

பல் டாக்டர் அம்மா அவர்களுக்கு,

இதைப் பகலில் எழுதுகிறேன். நாங்கள் இப்போது குவாரிக் குடியிருப்பில் இல்லை. என் கணக்கு டீச்சர் வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். மேலே எழுதியிருக்கும் முகவரிக்கு நீங்கள் எந்த உறையிலும் எழுதலாம்.

பதினான்காம் தேதி நடந்ததை ஆய்வாளர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்குக் காது சரியாகக் கேட்காததால் பாதியைத்தான் சொல்லியிருப்பார். அதனால் நான் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மாமா பழரசம் வாங்கி வைத்திருந்தார். ஆய்வாளர் தொடவில்லை. நாடாவைப் பிடித்து அளந்தார்கள். எல்லாக் குழியும் அறுபது அடிக்குள்தான். "கிழக்குப் பக்கம் என்ன இருந்தது?" என்று கேட்டார். "பழைய பள்ளம் சார், ஆடு மாடு விழுந்துடக் கூடாதுன்னு மூடிட்டோம்" என்றார் மாமா. பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ரேடியோவும் கையில் கட்டோடு தூரத்தில் நின்றார்.

ஆய்வாளர் அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினார். "இது நீங்க போட்ட கையெழுத்துதானா?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்போ வீட்டுக்காரர் தானாத்தான் போனாரு. சரிதானே?"

அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "அவங்க ரொம்ப மனசு உடைஞ்சிருக்காங்க சார், விடுங்க" என்று மாமா அம்மாவின் தோளில் கை வைத்தார்.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டுத் தாளை மடித்தார். ஜீப் வரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். திறந்து பல்தகட்டை எடுத்தார். பற்களின் பக்கத்தைக் காட்டாமல், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியோ என்னவோ, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்த நிறத்துல சேறு, இந்த வட்டாரத்துல எங்கேயாவது பார்த்திருக்கீங்களாம்மா?"

அம்மா பார்த்தாள். கிட்டே போய் விரல் நுனியால் அந்தச் சேற்றைத் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். பிறகு மாமாவின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பார்த்திருக்கேன்" என்றாள். "ஒன்பதாம் தேதி சாயங்காலம், பொண்ணு குழாயடிக்குப் போயிருந்தப்போ, இவன் கால்ல பார்த்தேன். பேன்ட் முழங்கால் வரைக்கும் இதே சேறு. துவைச்சுக் குடு அக்கான்னான். நாலு தண்ணி மாத்தினேன், போகல. அப்புறம் அடுப்புல போட்டு நானே எரிச்சேன்."

"அக்கா! உனக்கு உடம்பு சரியில்ல. உள்ள போ."

"உன்னை வளர்த்தவ நான். எனக்கு எது சரியில்லன்னு நீ சொல்லாதே." ஆய்வாளரைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் எங்கேயும் ஓடல. கீழதான் இருக்கார். தோண்டுங்க."

ரேடியோ கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். அதற்குப் பிறகு அவரும் பேசினார். மாமா அவரை எங்கே வைத்து எப்படிக் கையை ஒடித்தார் என்பதுவரை பேசினார். சேறு சரிந்தபோது, அப்போதுதான் குழியிலிருந்து ஏறி மேலே நின்ற மாமா கயிற்றை இறக்கவில்லை, உதவிக்கு ஆள் கூப்பிட ஓடியவர்களையும் தடுத்தார் என்றார். வெளியே தெரிந்தால் குவாரியை மூடிவிடுவார்கள் என்றாராம்.

மாமாவை அன்று மாலை போலீஸ் கூட்டிப் போனது. மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டார். அன்றுதான் டீச்சர் எங்களை இங்கே அழைத்து வந்தார். நான்காம் நாள் மறுபடி கூட்டிப் போயிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அறைக் கதவுக்கு டீச்சர் இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

பத்து நாள் தோண்டினார்கள். கரும்பச்சை மண் வரத் தொடங்கியதும் பெண்களெல்லாம் போய்விடுங்கள் என்றார்கள். அம்மா போகவில்லை. அதனால் நானும் போகவில்லை. இருபத்தாறாம் தேதி மாலை நாலரை மணிக்கு அப்பா கிடைத்தார்.

நீங்கள் அந்தச் சீட்டை மறக்காமல் இருந்திருந்தால் அவர்மேல் நூற்றுப் பதினாறு லாரிக் கல் இருந்திருக்காது. ஆனால் அப்போதும் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். இரண்டையும் நான் யோசித்துவிட்டேன். உங்கள்மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மறைக்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஒன்பதாம் தேதியே தெரியும். நாலு மாதம், பக்கத்தில் படுத்திருந்த எனக்குச் சொல்லாமல், அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவள் நாலு தண்ணீர் மாற்றித் துவைத்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினான்காம் தேதியிலிருந்து நான் அவளோடு பேசவில்லை.

நேற்று மருத்துவமனையில் அடையாளம் காட்ட வீட்டிலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசியது கேட்டது.

"இவர்தானாம்மா?"

"இவர்தான்."

"எதை வச்சு அடையாளம் சொல்றீங்க? தழும்பு, மச்சம், ஏதாவது? இங்க எழுதணும்."

"பதினேழு வருஷம் பக்கத்துல படுத்தவ. அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். நீளமான பெஞ்சு அது, ஆள் யாரும் இல்லை. அவள் வந்து எனக்குப் பக்கத்தில், என் கை படும்படி உட்கார்ந்தாள்.

நான் எழுந்து போகவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.